அண்ணன் பெட்டி, தம்பி பெட்டி

1997 கோடை விடுமுறை. மதுரை சிம்மக்கல்லில் ஒரு வீடு. முன்னறையில் ஒரு சாலிடேர் டிவி. சென்னையிலிருந்து வந்திறங்கிய பெரியப்பா மகன் கை கால்கூடக் கழுவாமல் டிவிக்குப் பின்னால் புகுந்து ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினான். பையிலிருந்து எடுத்த வீடியோ கேம் பெட்டியின் ஒயரை அந்த இடத்தில் செருகினான். டியூனிங்கைத் திருகத் திருக, புள்ளி மழைக்குள்ளிருந்து ஒரு படம் எழுந்து வந்தது. வந்த அண்ணனுக்கு வயது பத்து. அந்த வீட்டுத் தம்பிக்கு எட்டு.

கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது இருபது சொச்சம் விளையாட்டு. மிச்சமெல்லாம் அதே விளையாட்டுகள்தான், வேறு பெயரில். நின்டென்டோ 1983-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் கன்சோல் பெட்டியின் நகல் அது. நம் ஊருக்கு அசல் வந்து சேராத குறையை நகல்கள் தீர்த்துவைத்தன. கேசட் ஓடவில்லை என்றால் வெளியே எடுத்து, அடியில் ‘ஃபூ’ என்று ஊதி, மறுபடி செருக வேண்டும். ஊதினால் மூச்சின் ஈரம் பட்டு உலோகக் கால்கள் கெட்டுவிடும், ஊதாதீர்கள் என்று நின்டென்டோவே பிறகு சொன்னது. எடுத்துச் செருகியதுதான் வேலை செய்தது. பெயரை மூச்சு தட்டிக்கொண்டு போனது.

காண்ட்ரா விளையாட்டில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று வரிசையாக அமுக்கினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர். பதினாறாம் வாய்ப்பாடு வராத தம்பிக்கு இது ஒரே நாளில் வந்தது. முப்பது உயிரும் மூன்றாம் கட்டத்து அருவியில் கரைந்துபோகும். அங்கே ஒருவன் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். பின்தங்கியவன் திரையின் அடியில் விழுந்து சாவான். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே இருப்பான். “நில்லுண்ணே, நில்லுண்ணே!” என்று தம்பி கத்துவான். அப்புறம் முழங்கையால் ஒரு இடி. பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடிக்க முடிந்தால் அது கன்சோல் விளையாட்டு என்று தம்பி பிற்காலத்தில் இலக்கணம் வகுத்தது இந்த அருவியில் நின்றுதான்.

பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்திருந்தது. டக் ஹண்ட் விளையாட்டில் புதருக்குள்ளிருந்து வாத்து பறக்கும். குறிபார்த்துச் சுட்டால் விழும். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே வராதபோது டிவிக்குள் இருக்கிற வாத்து எப்படி விழுகிறது? தம்பி அப்பாவைக் கேட்டான். “சும்மா சுடுடா” என்றார்.

ஆறு வருஷம் கழித்து, தம்பி பத்தாம் வகுப்புக்குப் போன ஜூனில், அப்பா அலுவலகத்தில் கடன் போட்டுக் கணினி வாங்கினார். பென்டியம் 4, 845 போர்டு, 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், பக்கத்தில் கருங்கல் கனத்தில் ஒரு யுபிஎஸ். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். “இது படிக்க வாங்கினது” என்று அப்பா சொன்னதை வீட்டில் எல்லாரும் நம்பினார்கள், சொன்ன அப்பா உட்பட.

கணினியா கன்சோலா என்று உலகம் முழுக்க நடக்கிற வாக்குவாதத்தில் இந்த ஒரு வாதத்தை மட்டும் வெளிநாட்டுக்காரர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தமிழ் வீடுகளுக்குள் கணினி படிப்பு என்கிற வாசல் வழியாக நுழைந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோலுக்கு அந்த வாசல் அடைப்பு. பிளேஸ்டேஷன் கேட்ட பையனுக்கு அடி, கம்ப்யூட்டர் கேட்ட பையனுக்குக் கடன்.

அண்ணன் கதை வேறு. பெரியப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சிம் லிம் ஸ்கொயரில் ஒரு பிளேஸ்டேஷன் 2 வாங்கி, விடுமுறைக்கு வரும்போது தைலப் புட்டிகளுக்கும் பால்மாவு டப்பாக்களுக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்தார். பெரியம்மாவுக்கு அது ‘டிவிடி பிளேயர்’ என்றுதான் அறிமுகமானது. டிவிடியும் ஓடும் என்பதால் முழுப் பொய்யும் இல்லை.

தம்பி பள்ளிக் கணினி அறையில் விளையாடிய முதல் விளையாட்டு பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. ஜோர்டன் மெக்னர் என்கிற அமெரிக்க இளைஞர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு, வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் படம் படமாகப் பார்த்து வரைந்து 1989-இல் வெளியிட்ட விளையாட்டு அது. இளவரசியை மீட்க 60 நிமிஷம். எந்த ஓட்டைக் கணினியிலும் ஓடும். அதே இளவரசனை வைத்து 2003 கடைசியில் யூபிசாஃப்ட் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ வெளியிட்டதும், நண்பனிடம் சிடி வாங்கிவந்து, வீட்டுக் கணினியில் ஏற்றினான் தம்பி. ஐகானை இரண்டு தட்டு. கறுப்புத் திரை. ஒரு பிழைச் செய்தி. பழையபடி டெஸ்க்டாப்.

அந்த விளையாட்டு ஒளி நிழலைக் கணக்கிட்டு வரைய கிராபிக்ஸ் சில்லில் சில வசதிகளை எதிர்பார்த்தது. போர்டோடு ஒட்டிவந்த இன்டெல் சில்லில் அவை இல்லை. ஜீஃபோர்ஸ் 3 என்கிற கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஓடும். அதைவிடப் பெரிய எண் போட்ட ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் இருந்தால் ஓடாது. மூன்றைவிட நான்கு பெரிது என்று நம்பிக் காசு கொடுத்தவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள்.

2004 மே மாதம் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போன தம்பி, அண்ணன் வீட்டில் அதே விளையாட்டைப் பார்த்தான். அண்ணன் தட்டைப் போட்டான், மூடினான், ஓடியது. அவ்வளவுதான். பிளேஸ்டேஷன் 2-இல் இருந்த முதன்மை நினைவகம் வெறும் 32 எம்பி. அதன் சில்லின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. மதுரைக் கணினியின் நினைவகம் அதைப்போல எட்டு மடங்கு, வேகம் ஐந்து மடங்குக்கு மேல். ஆனாலும் இளவரசன் இங்கே சுவரில் ஓடினான், அங்கே எழுந்திருக்கவே இல்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மூளைக்கு இது அநியாயமாகப் பட்டது. காரணம் எளிது, ஆனால் புரிந்துகொள்ள அவனுக்குச் சில வருஷம் ஆனது. பிளேஸ்டேஷன் 2 கோடிக்கணக்கில் விற்றது. 15 கோடியைத் தாண்டியது. அத்தனையும் உள்ளே ஒரே இயந்திரம். விளையாட்டைச் செய்கிறவர்கள் அந்த ஒரே சமையலறையில் இருக்கிற பாத்திரங்களின் அளவு தெரிந்து சமைத்தார்கள். கணினிக்குச் செய்கிறவர்களோ ஒவ்வொரு வீட்டிலும் என்ன அடுப்பு, என்ன பாத்திரம் என்று தெரியாமலே குறிப்பு எழுதினார்கள்.

ஊர் திரும்பிய தம்பி ஒரு வருஷம் காசு சேர்த்தான். தீபாவளிக் காசு, பிறந்தநாள் காசு, பஸ்ஸுக்குக் கொடுத்ததில் நடந்து மிச்சம் பிடித்த காசு. 2005-இல் ஒரு கடைக்குப் போய் கிராபிக்ஸ் கார்டு கேட்டான். “எந்த போர்டுலயும் உட்காரும் தம்பி” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கார்டின் பல்வரிசை வேறு, போர்டின் பள்ளம் வேறு. ஏஜிபி என்கிற பழைய பள்ளம் போய் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்கிற புதிய பள்ளம் வந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. பணத்தைத் திருப்பித் தரமாட்டோம், மேலே 500 ரூபாய் கொடுத்தால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து அந்த 500 வந்தது. வீட்டுக்கு வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200-ஐச் செருகி, டிரைவர் தேடி, டைரக்ட்எக்ஸ் ஏற்றி, இரண்டு தடவை விண்டோஸையே அழித்து மறுபடி போட்டபின் ஒரு ஞாயிறு மதியம் இளவரசன் எழுந்து நின்றான்.

அன்று தம்பி விளையாடியது அரைமணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் செட்டிங்ஸில் நிழலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் இதைக் கேட்டுவிட்டுப் போனில் சிரித்தான்: “நான் கேமை முடிச்சு ஒரு வருஷம் ஆச்சுடா. நீ இன்னும் ஸ்க்ரூ கழட்டிக்கிட்டு இருக்க.” அது நியாயமான குத்தல். இருந்தாலும் அந்தத் தெருவில் யார் வீட்டுக் கணினி படுத்தாலும் திருப்புளியோடு தம்பி போய் நின்றான். அண்ணனின் பெட்டி அவனுக்கு விளையாட்டைக் கொடுத்தது; தம்பியின் பெட்டி அவனுக்கு ஒரு கைத்தொழிலைக் கொடுத்தது.

கை என்றதும் இன்னொரு சண்டை. கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் பத்துக் கணினிகளை இணைத்துக் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுவார்கள், மணிக்கு இருபது ரூபாய். மதுரைக்கு வந்த அண்ணன் ஒருநாள் உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கியதும் செத்தான். அடுத்ததிலும் அப்படியே. மவுஸ் மணிக்கட்டின் அசைவை அப்படியே குறியாக மாற்றுகிறது. கட்டைவிரலால் தள்ளுகிற ஸ்டிக்கில் அந்த நுணுக்கம் வராது. அதனால்தான் 2001-இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த ஹேலோ போன்ற சுடும் விளையாட்டுகள் எதிரிக்கு அருகில் குறி வந்ததும் தாங்களே கொஞ்சம் கைகொடுக்கின்றன. “அப்ப நீங்க சுடறதில்லண்ணே, மிஷின் சுடுது” என்றான் தம்பி. அருவிக்குப் பழிதீர்த்த நாள் அது.

ஆனால் இரண்டு பெட்டியின் சாதகபாதகமும் ஒரே தட்டில் தெரிந்தது ஈஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07-இல்தான். 2006 கடைசியில் கணினிக்கும் பிளேஸ்டேஷன் 2-க்கும் ஒன்றாக வந்தது. இரண்டிலும் ஒரே மைதானம், ஒரே ரிச்சி பெனோ வர்ணனை. இரண்டிலும் இந்திய வீரர்களின் பெயர்கள் உரிமம் இல்லாத காரணத்தால் திரிந்துபோயிருந்தன. ஆஷஸ் தொடரை முன்வைத்து வந்த விளையாட்டு. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும்தான் முழு மரியாதை.

மட்டை பிடிப்பதில் அண்ணன் பெட்டிக்கே வெற்றி. ‘செஞ்சுரி ஸ்டிக்’ என்று ஈஏ பெயர் வைத்த முறையில் ஒரு ஸ்டிக்கால் காலை நகர்த்தி, இன்னொரு ஸ்டிக்கால் அடிக்கும் திசையைக் காட்ட வேண்டும். நேரம் கூடிவந்தால் கவர் டிரைவ் விரலிலேயே இனிக்கும். கீபோர்டில் அது வெறும் பொத்தான் அமுக்கல். தட்டச்சுப் பழகுவது மாதிரி ரன் எடுக்க வேண்டும். இதில் தம்பி வாதாடவே இல்லை. ஒரு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

2008 ஏப்ரலில் ஐபிஎல் வந்தது. தம்பி பெட்டி விழித்துக்கொண்டது அப்போதுதான். சட்டை, முகம், மட்டை, விளம்பரப் பலகை எல்லாமே கணினிக்குள் தனித்தனிப் படக் கோப்புகள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இன்னும் எங்கெங்கோவும் இருந்த ரசிகர்கள் அவற்றை வரைந்து மாற்றி இலவசமாகக் கொடுத்தார்கள். பிரவுசிங் சென்டரில் தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, பழைய கோப்பின் மேல் புதியதை ஒட்டினான் தம்பி. திரையில் மஞ்சள் சட்டையில் தோனி நின்றார், சரியான பெயரோடு. சென்னையிலேயே இருந்த அண்ணனின் பிளேஸ்டேஷனில் மட்டும் சென்னை சூப்பர் கிங்ஸ் இல்லை. தட்டில் 2006-இல் அச்சானது அச்சானதுதான்.

அந்த வருஷம் ஜூன் 1, நவி மும்பை இறுதிப் போட்டி. சென்னை 163. ராஜஸ்தான் கடைசிப் பந்தில் மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த வாரமே அண்ணன் ரயில் ஏறி மதுரைக்கு வந்தான். துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொன்னான். வந்தது தம்பியின் கணினிக்காக. இரண்டு ஜாய்ஸ்டிக்கைச் செருகி அதே இறுதிப் போட்டியை மறுபடி ஆடினார்கள். ராஜஸ்தானை எடுக்க இருவருமே மறுத்ததால் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடினார்கள். சென்னை ஜெயித்தது. அப்பா வந்து எட்டிப்பார்த்து, “படிக்கத்தானே வாங்கினது” என்றார். பிறகு அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

ஈஏ கிரிக்கெட் 07-க்குப் பிறகு கணினிக்குக் கிரிக்கெட் விளையாட்டே வெளியிடவில்லை. கைவிட்ட விளையாட்டை ஒட்டுப் போட்டுப் போட்டு ரசிகர்கள் வாழவைத்தார்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்கின் பிறப்பும் அப்படித்தான்: ஹாஃப் லைஃப் விளையாட்டை மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் மாற்றியமைத்து 1999-இல் வெளியிட்டது. மூடிய பெட்டிக்குள் அப்படி ஒன்று பிறப்பது அரிது.

இடையில் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டு அரசு இந்தச் சண்டையில் இரு தரப்புக்கும் உதவியிருக்கிறது. 2006-க்குப் பிறகு ஒரு ஆட்சி வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011-இல் வந்த ஆட்சி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தது. முதலாவதில் வீடியோ கேம் ஒயர் செருகப்பட்டது. இரண்டாவதில் பென் டிரைவ் வழியே வைஸ் சிட்டியும் கிரிக்கெட் 07-உம் குடியேறின. திட்ட அறிக்கை எதிலும் இது இருக்காது.

2010-இல் பிளேஸ்டேஷன் 3 வாங்கிய அண்ணன் பழையதைத் தம்பிக்கு அனுப்பிவைத்தான். இரண்டு பெட்டியும் ஒரே வீட்டுக்கு வந்தன. பிறகு 2012-இன் மின்வெட்டு வந்தது. சென்னைக்கு ஒரு கணக்கு, மதுரைக்கு வேறு கணக்கு. கரன்ட் போனால் யுபிஎஸ் ‘கீ கீ’ என்று கத்தி ஐந்து நிமிஷம் அவகாசம் தரும். கணினி விளையாட்டைச் சேமித்துவிட்டு எழுந்திருக்கலாம். டிவியும் பிளேஸ்டேஷனும் பேச்சுமூச்சின்றி அணையும், கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பிறகு ஆடியதெல்லாம் போகும். எந்தப் பத்திரிகை ஒப்பீட்டிலும் தம்பி பார்க்காத வித்தியாசம் இது. அந்த வருஷம் அவனுக்கு இதுவே முதல் வித்தியாசம். அடுத்த ஜனவரியில் பிளேஸ்டேஷன் 2 உற்பத்தியை நிறுத்திவிட்டதாக சோனி அறிவித்தது. ஏறக்குறைய பதின்மூன்று வருஷம் ஒரே பெட்டி. அந்தக் காலத்துக்குள் தம்பியின் மேசையில் மூன்று கணினி மாறிவிட்டன.

செலவுக் கணக்கும் ஒரே பக்கம் சாயவில்லை. கன்சோல் வாங்கும்போது மலிவு, விளையாட்டு வாங்கும்போது கடி. பிளேஸ்டேஷன் 5 வந்த புதிதில் அதற்கான பெரிய விளையாட்டு ஒன்று 4,999 ரூபாய். ஆனால் தட்டாக வாங்கினால் ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம். கணினிக்காரர்களுக்கு ஸ்டீம் 2015-இல் ரூபாய் விலை கொண்டுவந்தது, தள்ளுபடியில் நூறு இருநூறுக்கும் கிடைக்கும். வாங்கியதை விற்க மட்டும் முடியாது. இணையத்தில் சேர்ந்து ஆட பிளேஸ்டேஷனில் பெரும்பாலான விளையாட்டுகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். கணினியில் அந்தச் சந்தா கிடையாது.

ஒரே கட்டமைப்பு, தட்டைப் போட்டால் ஓடும் என்று அண்ணன் பீற்றிக்கொண்டது 2020 டிசம்பரில் ஆட்டம் கண்டது. சைபர்பங்க் 2077 வெளியான ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது; பிளேஸ்டேஷன் 4-இல் அது அவ்வளவு தடுமாறியது. நல்ல கணினிகளில் பரவாயில்லாமல் ஓடியது. தம்பி சிரிக்க நினைத்தான், முடியவில்லை. சில்லுத் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் ஒரு பக்கம் என்று கிராபிக்ஸ் கார்டு விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2021 பிப்ரவரி 2-இல் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது 49,990 ரூபாய். முன்பதிவு நிமிஷங்களில் தீர்ந்தது. அண்ணனுக்கும் கிடைக்கவில்லை. இருவரும் வெறுங்கையோடு போனில் புலம்பிக்கொண்டார்கள்.

இப்போது சண்டையில் காரமில்லை. பிளேஸ்டேஷன் 4-இலிருந்தே உள்ளே இருப்பது கணினி வகைச் சில்லுதான். 2018-இல் பிளேஸ்டேஷனுக்கு மட்டும் என்று வந்த காட் ஆஃப் வார் 2022 ஜனவரியில் கணினிக்கும் வந்துவிட்டது. ஒரே சாமானை இரண்டு கடையில் விற்கிறார்கள். ஆனாலும் தம்பியிடம் கேட்டால் இன்றைக்கும் தயங்காமல் சொல்வான்: தனியாக ஆடுகிறவர்கள், திருப்புளி பிடிக்கப் பிடித்தவர்கள் கணினி வாங்கட்டும். வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் கன்சோல் வாங்குங்கள், இரண்டாவது கன்ட்ரோலரோடு சேர்த்து.

போன பொங்கலுக்கு மதுரை வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியும் துப்பாக்கியும் கிடைத்தன. அண்ணனின் மகனுக்கு வயது ஒன்பது. 55 அங்குல எல்இடி டிவியில் இணைத்துக் கொடுத்தார்கள். சுட்டான், சுட்டான், ஒரு வாத்துகூட விழவில்லை. “இது கெட்டுப்போச்சு சித்தப்பா” என்றான்.

கெடவில்லை. அப்பா 1997-இல் சொல்லாத பதிலைத் தம்பி சொன்னான். விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னும். துப்பாக்கியின் வாயில் ஒரு ஒளி உணரி. அது வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். சுடுவது டிவி, வாங்கிக்கொள்வது துப்பாக்கி. பழைய பிக்சர் டியூப் அந்த வெள்ளையை உடனுக்குடன் வரையும். புதிய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, சற்றுத் தாமதமாகக் காட்டும். அதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிக்கொள்ளும்.

செல்லூரில் அத்தை வீட்டில் அரசு கொடுத்த 14 அங்குல டிவி, மேலே ஒரு துண்டும் அதன் மேல் பிள்ளையார் படமுமாக, இன்னும் இருந்தது. ஆட்டோவில் போய் மடியில் வைத்து எடுத்துவந்தார்கள். ஒயரைச் செருகி, டியூன் செய்து, துப்பாக்கியைப் பையன் கையில் கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து வாத்து. முதல் சுற்றைத் தாண்ட ஆறு விழ வேண்டும். ஆறு விழுந்தது.